நரைமுடிக்கு ஹே ஷோ வூ சாப்பிடலாமா?

உங்களுக்கு 32 வயது. காதோரம் நரைக்கத் தொடங்கியிருக்கிறது. கூட வேலை செய்யும் சீனத் தோழி ‘ஹே ஷோ வூ’ மாத்திரை ஒரு பாட்டிலும், சீன மருந்துக் கடையில் வாங்கிய கறுத்த வேர்த்துண்டுகள் ஒரு பொட்டலமும் தந்திருக்கிறார். ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் முடி கறுக்கும் என்கிறார். அம்மாவோ, “கரிசலாங்கண்ணி போதும், அதெல்லாம் எதுக்கு” என்கிறார். “மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காதுதானே?” என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். எனக்கு இதில் மூன்று கேள்விகள் தெரிகின்றன. முடி கறுக்குமா? உடம்புக்கு ஆகுமா? அன்போடு வாங்கிவந்து கொடுத்தவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மூன்றாவதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேள்வி முழுக்க அந்தத் தயக்கம் இருக்கிறது.

நான் சிங்கப்பூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவமனை மருந்தாளுநராக இருக்கிறேன். சீன மருத்துவம் படித்தவன் இல்லை. நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து நோய் சொல்லும் பயிற்சி எனக்குக் கிடையாது. மூலிகை உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, மற்ற மருந்துகளோடு எங்கே மோதுகிறது என்பதுதான் என் வேலை. அந்த அளவில் நின்று சொல்கிறேன்: நரைக்காக மட்டும் இதைச் சாப்பிடாதீர்கள். பொட்டலத்தைப் பிரித்திருந்தாலும் இன்றோடு நிறுத்துங்கள். காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ‘சீன மருந்தெல்லாம் ஏமாற்று’ என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது.

ஹே ஷோ வூ ஒரு கொடியின் கிழங்கு. தாவரவியலில் பாலிகோனம் மல்டிஃபுளோரம் என்பது அதன் பழைய பெயர். இதய வடிவ இலை, கொத்துக் கொத்தாகச் சிறு வெள்ளைப் பூ, மண்ணுக்கடியில் சர்க்கரைவள்ளி போலப் பருத்த செம்பழுப்புக் கிழங்கு. குறுக்கே வெட்டினால் மேகம் மேகமாகக் கோலம் தெரியும். சீனக் கடைக்காரர்கள் அதை வைத்துத்தான் அசலைக் கண்டுபிடிப்பார்கள். நம் சித்த மருந்துக் கடைகளில் இரேவற்சின்னி என்று ஒன்று இருக்கிறதே, மலமிளக்கிக் கிழங்கு, அதுவும் இதே குடும்பம். இரேவற்சின்னியில் வரும் ‘சின்னி’யே சீனத்தைக் குறிப்பதுதான். ‘சீனத்து ரேவந்து’ என்ற பாரசீகப் பெயர் நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. இந்த உறவை வீணாகச் சொல்லவில்லை. இரேவற்சின்னி, நிலாவாரை இரண்டும் வயிற்றைக் கழியச் செய்வது அவற்றிலுள்ள ஆந்த்ராகுயினோன் வகைப் பொருள்களால். அதே இனப் பொருள்கள் ஹே ஷோ வூவிலும் உண்டு. எமோடின் அவற்றில் ஒன்று.

பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. தாங் வம்சக் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லி ஆவ் என்ற எழுத்தாளர் பதிவு செய்தது. பிறவியிலேயே நலிந்தவர் ஒருவர், 58 வயதாகியும் பிள்ளையில்லை. ஒரு நாள் குடித்துவிட்டு மலைச்சரிவில் படுத்திருந்தபோது தள்ளித் தள்ளி முளைத்திருந்த இரண்டு கொடிகள் ஒன்றையொன்று தழுவுவதும் பிரிவதும் மறுபடி தழுவுவதுமாக இருப்பதைப் பார்த்தார். வேரைத் தோண்டிவந்து பொடித்துச் சாப்பிட்டார். உடம்பு தேறியது, பிள்ளைகள் பிறந்தார்கள். அவர் பேரன் பெயர்தான் ஹே ஷோ வூ. ‘ஹே’ குடும்பப் பெயர், ‘ஷோ’ தலை, ‘வூ’ காகம், காக்கைக் கருமை. பேரன் 130 வயதிலும் கறுத்த முடியோடு இருந்தாராம். மிங் வம்சத்து மருத்துவர் லி ஷிஜென் தொகுத்து, அவர் மறைவுக்குப் பின் 1596இல் அச்சான மாபெரும் மூலிகைத் தொகுப்பிலும் இந்தக் கதை இடம்பெற்றது. ஜியாஜிங் பேரரசர் பிள்ளைப்பேறு வேண்டி இந்தக் கிழங்கு சேர்ந்த ‘ஏழு ரத்தின அழகுத்தாடி’ மாத்திரையைச் சாப்பிட்டார் என்றும் அதில் வருகிறது. உங்கள் தோழியின் நம்பிக்கைக்கு வயது ஆயிரத்து இருநூறு ஆண்டு. அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் மருந்தின் பலனுக்குக் கதை சாட்சியாகாது.

மருத்துவர்கள் கதையை நம்பி மட்டும் இதைக் கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீன மருத்துவத்தில் தலைமுடி ரத்தத்தின் மிச்சம். சிறுநீரகத்தில் ‘ஜிங்’ என்ற உயிர்ச்சாரம் இருக்கிறது, அதன் செழிப்பு முடியில் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. (இங்கே சிறுநீரகம் என்பது நம் ஸ்கேனில் தெரியும் உறுப்பு அல்ல, நாம் வாதம், பித்தம் என்று சொல்வதுபோல ஒரு செயல்வட்டம்.) சாரமும் ரத்தமும் வற்றினால் முடி வெளுக்கும், இடுப்பும் முழங்காலும் தளரும், காது இரையும். இந்த அறிகுறிகள் சேர்ந்து வருபவருக்குத்தான் ஹே ஷோ வூ. செரிமானம் மந்தமாகவும் மலம் இளகலாகவும் இருப்பவருக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். ஆக, அவர்கள் முறைப்படியே இது ‘நரை என்றால் ஹே ஷோ வூ’ என்று எல்லோருக்கும் பொதுவாக எடுத்துக் கொடுக்கிற பொருள் இல்லை.

அதைவிட முக்கியம், இதில் பச்சை, பக்குவம் என்று இரண்டு மருந்துகள் இருக்கின்றன. கிழங்கைத் தோண்டி வெறுமனே உலர்த்தினால் ‘ஷெங்’, அதாவது பச்சை. அது மலத்தை இளக்க, கட்டிக்கும் சீழுக்கும், பழங்காலத்தில் மலேரியா போன்ற நாட்பட்ட முறைக்காய்ச்சலுக்கும். அதையே கறுப்பு சோயாவின் சாற்றில் ஊறவைத்து, வேகவைத்து அல்லது ஆவியில் அவித்து, உள்ளும் புறமும் கரும்பழுப்பாகும் வரை பக்குவம் செய்தால் ‘ஜி’. ஒன்பது முறை அவித்து ஒன்பது முறை காயவைப்பது பழைய வழக்கம். முடிக்கும் உடல்பலத்துக்கும் சொல்லப்படுவது இந்த இரண்டாவதுதான். நம் ஊரில் சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்க மாட்டார்களே, அந்தப் புத்திதான் இதுவும். அவிக்க அவிக்க ஆந்த்ராகுயினோன்களின் சேர்மானம் மாறுகிறது, பேதி குணம் தணிகிறது. சோதனைக்கூடத்தில் அளந்தே இதைப் பார்த்திருக்கிறார்கள். சீன அரசின் மருந்துநூல் அளவையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது: பச்சைக் கிழங்கு நாளுக்கு 3 முதல் 6 கிராம், பக்குவப்படுத்தியது 6 முதல் 12 கிராம். உங்களிடம் இருக்கும் துண்டுகள் கறுப்பாக இருப்பதால் பக்குவமானவையாக இருக்கலாம். மாத்திரையில் எது போயிருக்கிறது என்பது நிறத்தைப் பார்த்துத் தெரியாது.

இனி முடி கறுக்குமா என்பது. எலிகளிலும் வளர்ப்புச் செல்களிலும் இந்தக் கிழங்கின் சாறு நிறமி உண்டாக்கும் நொதிகளைத் தூண்டியதாகவும், முடிவேர் வளர்ச்சிக்கு உதவியதாகவும் ஆய்வுகள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நரைத்த மனிதர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இதையும் இன்னொன்றுக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்து, முடியின் நிறத்தை முறையாக அளந்து, ‘கறுத்தது’ என்று காட்டிய நல்ல ஆய்வு ஒன்றுகூட இத்தனை ஆண்டுகளில் என் கண்ணில் படவில்லை. “என் அத்தைக்குக் கறுத்தது” என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2021இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 பேரின் முடியை இழை இழையாக ஆராய்ந்தபோது, சில நரைமுடிகள் எந்த மருந்தும் இல்லாமலே அடியிலிருந்து மறுபடி நிறம் கொண்டு வளர்ந்திருந்தன. ஒருவருக்கு அது விடுமுறைக் காலத்தோடு பொருந்தியது. அப்படி நடக்கும் நேரத்தில் ஒருவர் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாரோ அதற்குப் புகழ் போய்விடும். இன்னொன்று, வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது. அதன் நிறத்தை உள்ளே சாப்பிடும் எதனாலும் மாற்ற முடியாது. புதிதாக வளர்வது மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். ஆறு மாதம் சாப்பிட்டு அந்த ஆறு சென்டிமீட்டரில் என்ன தெரிகிறது என்று பார்ப்பதற்குள், கல்லீரல் தன் பதிலைச் சொல்லிவிடக்கூடும்.

அந்தக் கல்லீரல் விஷயத்துக்குத்தான் இவ்வளவு நேரம் வந்துகொண்டிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வார்டில் ஒரு பெண்மணி சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். குடிப்பழக்கம் இல்லை. ஹெபடைடிஸ் ஏ, பி, சி, இ எதுவும் இல்லை. இரண்டு வாரமாகச் சோர்வு, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில். ஏ.எல்.டி என்னும் கல்லீரல் நொதி இயல்பைப்போல முப்பது மடங்கு. என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது “எதுவும் இல்லை” என்றார். மருந்துப் பட்டியல் எடுக்க நான் போனபோதும் அதே பதில்தான். “டானிக், முடிக்கு ஏதாவது, மூட்டுவலிக்கு ஏதாவது, அக்காள் தங்கை கொடுத்தது ஏதாவது?” என்று இழுத்துக் கேட்ட பிறகுதான் கைப்பையிலிருந்து ஒரு பாட்டில் வந்தது. ஆறு வாரமாக, காலை மாலை, ஹே ஷோ வூ. நிறுத்தியதும் மெல்ல இறங்கியது; மூன்று மாதத்தில் ரத்தம் சரியானது. அவர் ஒளித்துவைக்கவில்லை. அவருக்கு அது மருந்தாகவே தோன்றவில்லை. அந்தப் பதிலுக்கு அப்புறம் நான் யாரிடமும் “மருந்து சாப்பிடுகிறீர்களா” என்று மட்டும் கேட்பதில்லை.

இது ஒரு நோயாளியின் கதை என்று தள்ளிவிட முடியாது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல் இந்தக் கிழங்குக்கும் கல்லீரல் பாதிப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. சீன அரசே 2014இல் எச்சரித்தது. சத்துப்பொருள்களில் பச்சைக் கிழங்கு நாளுக்கு 1.5 கிராமையும், பக்குவப்படுத்தியது 3 கிராமையும் தாண்டக் கூடாது, கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் குடும்பத்தில் அந்த நோய் உள்ளவர்களும் சாப்பிடக் கூடாது என்று லேபிளில் போட வேண்டும் என்றது. இந்த மருந்தைப் பெற்று வளர்த்த நாடு, அதை விற்றுப் பணம் பார்க்கும் நாடு, தானே முன்வந்து அளவைக் குறைத்திருக்கிறது. வெளிநாட்டு மருத்துவர்களின் வெறுப்புப் பேச்சு என்று இதை ஒதுக்க வழியில்லை.

உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். பாதிப்பு பெரும்பாலும் தொடங்கிய சில வாரங்களில், இரண்டு மாதத்துக்குள் வருகிறது. பச்சை, பக்குவம் இரண்டாலும் வந்திருக்கிறது. பக்குவம் ஆபத்தைக் குறைக்கலாம், நீக்கிவிடாது. நிறுத்தினால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை வரை போயிருக்கிறது, இறந்தவர்களும் உண்டு. ஒருமுறை பாதிக்கப்பட்டுத் தேறியவர் மறுபடி தொட்டால் முன்னைவிட வேகமாகத் திரும்புகிறது. இவற்றில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகத்துக்குரியது, எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்பது. எமோடின் என்பார் சிலர், கிழங்கிலுள்ள இன்னொரு பொருளான ஸ்டில்பீன் கிளைக்கோசைடு என்பார் சிலர், இரண்டும் சேர்ந்து என்பார் சிலர். வழக்கு இன்னும் முடியவில்லை. யாருக்கு வரும் என்பதில் மட்டும் ஒரு நல்ல துப்பு கிடைத்திருக்கிறது. 2019இல் சீன ஆய்வாளர்கள், இந்தக் கிழங்கால் கல்லீரல் கெட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் எச்.எல்.ஏ-பி 35:01 என்ற மரபணு வகை இருப்பதைக் கண்டார்கள். அங்கே பொதுமக்களில் அது நூற்றுக்கு மூன்று பேரிடம்கூட இல்லை. அதாவது இது வெறும் அளவு மீறலால் வரும் நஞ்சு அல்ல. சிலருடைய எதிர்ப்புசக்தியே இதைத் தவறாக அடையாளம் கண்டு, தன் கல்லீரலைத் தாக்குவதாகத் தோன்றுகிறது. அதனால்தான் உங்கள் தோழி பத்து வருஷம் நன்றாகச் சாப்பிட்டிருக்கலாம், உங்களுக்கு ஐந்தாம் வாரத்தில் கண் மஞ்சளாகலாம். அவருடைய அனுபவம் உண்மைதான், ஆனால் அது உங்கள் உடம்புக்கு உத்தரவாதம் தராது. நூற்றில் எத்தனை பேருக்கு என்று என்னால் எண் சொல்ல முடியாது. சாப்பிடுவோரின் கணக்கை யாரும் எடுப்பதில்லை. அரிது என்றே நினைக்கிறேன். உயிர் காக்கும் மருந்தென்றால் அந்த அரிய ஆபத்தை ஏற்கச் சொல்வேன். காதோரத்து நான்கு நரைக்கு ஏற்கச் சொல்ல மாட்டேன்.

கல்லீரலுக்குச் சுமை தரும் மற்ற மருந்துகளோடு இதைச் சேர்க்கவே கூடாது. காசநோய்க்கு ஐசோனியாசிட் சாப்பிடுபவர், மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர், வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுபவர், ஹெபடைடிஸ் பி உள்ளவர், கொழுப்புக் கல்லீரல் என்று ஸ்கேனில் வந்தவர், தினமும் குடிப்பவர், யாருக்கும் இது ஆகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தொட வேண்டாம். உங்கள் மற்ற மருந்துகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, அதனால் எல்லாவற்றையும் சொல்லி வைக்கிறேன்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக் கடைகளில் இதே கிழங்கு ‘ஃபோ-டி’ என்று விற்கிறது. ஆனால் ‘ஃபோ-டி-டியெங்’ என்று முன்பு வந்த ஒரு கலவையில் இந்தக் கிழங்கே கிடையாது. அதில் இருந்தது நம் வல்லாரை. 1933இல் இறந்த, 256 வயது வாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட லி சிங்யுன் என்ற சீனரின் பெயரை இரண்டுக்கும் விளம்பரமாக ஒட்டிவிட்டார்கள். மனித உருவத்தில் இருக்கும் ‘ஆயிரம் ஆண்டுக் கிழங்கு’ படங்கள் வாட்சாப்பில் வரும். வேறு கிழங்கை அச்சுக்குள் வளர்த்து எடுத்த போலிகள் அவை.

அம்மா சொன்னதற்கு வருகிறேன். இது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்: கரிசலாங்கண்ணியும் சீன மருந்துதான். ‘மோ ஹான் லியன்’ என்று பெயர். ‘மோ’ என்றால் மை. தண்டைக் கிள்ளினால் சாறு கறுத்துப்போவதைப் பார்த்து வைத்த பெயர். நாம் அதைத் தலைக்கு எண்ணெயாகக் காய்ச்சுகிறோம், அவர்கள் நரைக்கும் கண் மங்கலுக்கும் உள்ளே கொடுக்கிறார்கள். நம் சித்த மருத்துவத்தில் அது மஞ்சள் காமாலைக்கான கீரை. ஒரே நரைக்கு இரண்டு மூலிகைகள், ஒன்று கல்லீரலுக்காகக் கொடுப்பது, மற்றது கல்லீரலைக் கெடுக்கக்கூடியது! கரிசாலை நரையை மாற்றும் என்பதற்கும் பலமான மனித ஆய்வு இல்லை. ஆனால் எண்ணெயாகத் தேய்த்து யாருக்கும் கல்லீரல் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அம்மாவின் எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். ஊர் மூலிகை என்பதற்காக மட்டும் எதையும் நம்ப வேண்டாம் என்பதற்கு எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு: மேலே சொன்ன ஏழு ரத்தின மாத்திரையில் சேரும் ‘பூ கூ ஜி’ வேறொன்றுமில்லை, நம் கார்போகரிசி. அதை உள்ளுக்குச் சாப்பிட்டும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். தோழி கொடுத்த மாத்திரை கலவை மருந்தாக இருந்தால் அதுவும் உள்ளே இருக்கலாம்.

நரைக்கு என்ன செய்யலாம் என்றால், முதலில் மனதை நிதானப்படுத்திக்கொள்ளுங்கள். தோல் மருத்துவர்கள் ஆசியர்களுக்கு 25 வயதுக்கு முன் நரைத்தால்தான் இளநரை என்று கணக்கு வைப்பார்கள். 32இல் காதோரம் நரைப்பது பெரும்பாலும் வம்சவாகு. அப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் எந்த வயதில் நரைத்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். ஆனாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது: வைட்டமின் பி12, தைராய்டு, இரும்புச்சத்து. நீங்கள் சைவம் என்றால் பி12 கட்டாயம். அது குறைந்து நரைத்தவர்களுக்குச் சத்து ஏறியதும் சில முடிகள் நிறம் திரும்பியதைப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தால், மறைக்க விருப்பமிருந்தால், சாயம் இருக்கிறது. காதுக்குப் பின்னால் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

தோழியிடம் உண்மையையே சொல்லலாம். “மருந்தாளுநர் ஒருவரிடம் கேட்டேன், என் கல்லீரலைப் பார்க்காமல் சாப்பிடக் கூடாது என்றார்” என்று சொல்லுங்கள். சீனக் குடும்பத்தில் வளர்ந்த எவருக்கும் ‘உடம்புவாகு பொருந்தவில்லை’ என்ற பேச்சு நன்றாகப் புரியும். அவர்கள் மருத்துவத்தின் அடிப்படையே அதுதான். உடல்பலத்துக்காகச் சீன மருத்துவம் பார்க்க உங்களுக்கே ஆசை இருந்தால், இங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற சீன மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவரிடம் போய் உட்கார்ந்து, நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் சொல்லி, அவர் எழுதிக் கொடுப்பதை வாங்குங்கள். நல்ல மருத்துவர் என்றால் கல்லீரலைப் பற்றி அவரே கேட்பார். அவர் இதையே எழுதினாலும், தொடங்குமுன் ஒரு கல்லீரல் ரத்தச் சோதனை, முதல் மாத முடிவில் இன்னொன்று.

ஏற்கெனவே சில நாள் சாப்பிட்டிருந்தால் பயப்பட வேண்டாம், நிறுத்துங்கள். அடுத்த சில வாரங்களில் காரணமில்லாத சோர்வு, பசியின்மை, குமட்டல், வலது விலாவுக்குக் கீழே கனம், உடம்பெங்கும் அரிப்பு, சிறுநீர் கறுப்பது, மலம் வெளுப்பது, கண்ணின் வெள்ளை மஞ்சளாவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். காய்ச்சல் உடம்பு என்று நினைத்து பாரசிட்டமாலை அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள். மஞ்சளோடு தலைசுற்றலோ பேச்சுத் தடுமாற்றமோ இருந்தால் நேரே அவசரப் பிரிவு. பாட்டிலையும் பொட்டலத்தையும் குப்பையில் போட்டுவிடாமல், லேபிள் கிழியாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.